எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ரத்தச் சோதனை வேண்டி

அனுப்புநர்:
அ. நஃபீசா,
க/பெ. அஃப்ஸல்,
மரைக்கார் சந்து,
காயல்பட்டினம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: வளரிளம் பெண்களுக்கான ரத்தசோகைப் பரிசோதனை முகாம் – காயல்பட்டினம் விடுபட்டமை – பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவியர் அனைவருக்கும் பள்ளியிலேயே ஒரே நாளில் ரத்தம் பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடித எண் எதுவும் என்னிடம் இல்லை. என் மகளின் பக்கத்தில் நின்ற பிள்ளை மயங்கி விழுந்ததையே பார்வையாகக் கொள்ளவும்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஸலாமும் வணக்கமும்.

1. நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கும் இல்லத்தரசி. என் கணவர் அஃப்ஸல் ஷார்ஜாவில் வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். எங்கள் ஒரே மகள் யுஸ்ராவுக்குப் பதினாறு வயது. எங்கள் ஊரில் உள்ள பெண்கள் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் படிக்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் திருத்தக்கூட நான் இதுவரை அரசு அலுவலகப் படி ஏறியதில்லை. எங்கள் வீடுகளில் அதெல்லாம் ஆண்கள் லீவில் வரும்போது முடிக்கிற வேலைகள். இந்த வேலைக்கு அவர் வரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லாததால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. சென்ற மாதம் ஒரு நாள், பள்ளியில் காலை வழிபாட்டுக்கு வரிசையாக நின்றபோது, யுஸ்ராவுக்குப் பக்கத்தில் நின்ற சந்தனச்செல்வி என்ற மாணவி அப்படியே சரிந்தாள். யுஸ்ரா தாங்கிப் பிடிக்கப் போயிருக்கிறாள். இவள் உடம்பிலும் பலம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே தரையில் விழுந்திருக்கிறார்கள். வெயில் மயக்கம் என்று ஆசிரியைகள் தண்ணீர் தெளித்தும் அந்தப் பிள்ளை கண் திறக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்துகூட இல்லையாம். ரத்தம் ஏற்றினார்கள். இருதயம் பெருத்துப் போயிருக்கிறது என்று சொல்லி அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இன்றைய தேதி வரை அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறதாம்.

உடன் போன ஆசிரியையிடம் டாக்டர், "இந்தப் புள்ளையோட படிக்கிற எல்லாத்துக்கும் ரத்தம் பாருங்க டீச்சர், இவ ஒருத்தி மட்டும் இருக்க மாட்டா" என்று சொல்லியிருக்கிறார். இதை யுஸ்ரா வீட்டுக்கு வந்து சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. சந்தனச்செல்வியைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமத்துப் பிள்ளை. தாய் தங்கத்தாய் நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகிறவர். சுற்றிலும் நெல் விளைகிற ஊர்தான். ஆனால் தட்டில் நெல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது. காலையில் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். மதியத்துக்கு வெறும் சோறும் ஊறுகாயும். பத்தாம் வகுப்புவரை அவளுடைய ஊர்ப் பள்ளியில் சத்துணவும் முட்டையும் கிடைத்தன. பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் இரண்டும் நின்றுபோயின. பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்குப் பசியும் தேறிப் போய்விடும் என்று எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டாரோ, எனக்குத் தெரியவில்லை ஐயா.

மருத்துவமனையில் பார்க்கப் போனபோது தங்கத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, எம் புள்ள இது வேணும் அது வேணும்னு ஒரு நா கேட்டதில்லம்மா. நல்லா இருக்கான்னுல்லா நெனச்சிட்டேன்" என்று அழுதார். அவர் கேட்காத பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார். என் வீட்டில் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்த பிள்ளை இருக்கிறாள். அவளுக்கும் அதே நிலைமைதான்.

4. ஆம் ஐயா, எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மீனுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மீன் ஆணம், அதாவது குழம்பு, வைத்தால் யுஸ்ரா மூக்கைப் பொத்துவாள், கீரை என்றால் முகத்தைத் திருப்புவாள். பொரித்த கோழியும் பரோட்டாவும் பாக்கெட் நொறுக்குத்தீனியும் கலர் பாட்டிலும்தான் அவளுக்கு ஆகாரம். போன் பண்ணினால் பைக்கில் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். "புள்ள கேக்குதா, வாங்கிக் கொடு" என்பார் அவள் வாப்பா. அத்தனை தூரத்தில் இருக்கிற மனிதருக்குப் பிள்ளைமேல் பாசம் காட்ட வேறு வழி இல்லை. ஆற்றங்கரைப் பிள்ளைக்குச் சோற்றைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளைக்கு எல்லாம் இருந்தும் வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டும் வெளுத்துப் போயின.

5. யுஸ்ராவின் நிலைமை பின்வருமாறு. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். உதடும் விரல் நகங்களும் வெளிறிக் கிடக்கின்றன. பச்சரிசியைக் கைநிறைய அள்ளிக்கொண்டு போய்த் தின்கிறாள். அரிசிப் பானை சீக்கிரம் காலியாகிறதே என்று நான் வேலைக்கு வரும் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். பிறகு யூனிபார்ம் துவைக்கும்போது பைக்குள்ளிருந்து அரிசி கொட்டியது. ரத்தம் குறைந்தவர்களுக்கு இப்படி அரிசி, சாக்பீஸ் என்று கண்டதையும் தின்னத் தோன்றும் என்று அவளுடைய அறிவியல் ஆசிரியை பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தனச்செல்வி விழுந்த அன்று மாலை என் மகள் சொன்னாள்: "உம்மா, செல்வி விழுறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னா, காதுக்குள்ள கடல் இரையுது, கண்ணு இருட்டுதுன்னு. எனக்கும் அப்படித்தாம்மா இரையுது." அன்றிலிருந்து அவள் குளியலறைக்குள் போய்ச் சற்று நேரம் சத்தம் இல்லை என்றால்கூட நான் கதவைத் தட்டுகிறேன். "உசுரோடதான் இருக்கேன் உம்மா" என்று உள்ளிருந்து கேலியாகக் கத்துகிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

6. பள்ளியில் வியாழக்கிழமைதோறும் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. தருவது உண்மை. வாங்கிக்கொள்வதும் உண்மை. விழுங்குவதுதான் இல்லை. காரணம் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படிக்கவும். மாதவிடாய் நாட்களில் எங்கள் பெண்கள் ரமலான் நோன்பு வைப்பதில்லை. விட்டுப்போன நோன்புகளை அடுத்த ரமலானுக்குள் வைத்து முடிக்க வேண்டும். அதைக் களா நோன்பு என்போம். திங்களும் வியாழனும் நோன்புக்குச் சிறந்த நாட்கள் என்பதால் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து பெரும்பாலும் வியாழனில் வைத்துக்கொள்கிறார்கள். நோன்பு வைத்த பிள்ளை பகலில் எப்படி மாத்திரை விழுங்கும்? பைக்குள் போட்டுக்கொண்டு வரும். மாலையில் நோன்பு திறந்து, தேநீர் குடித்து, படிக்க உட்கார்ந்தால் மாத்திரை நினைவிலேயே இருக்காது. நினைவு வந்தாலும் தேநீரோடு விழுங்கும். தேநீரோடு விழுங்கினால் பாதிச் சத்து வீண் என்கிறார்கள். பள்ளியில் மாத்திரை கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

இதில் என்னை நடுங்க வைப்பது வேறு விஷயம். யுஸ்ராவுக்கு உதிரப்போக்கு மிக அதிகம், நாட்களும் நீளும். ரத்தம் அதிகம் போகிற பிள்ளைக்குத்தான் விட்டுப்போகிற நோன்பும் அதிகம். அதனால் மற்றவர்களைவிட அவளே கூடுதல் நாட்கள் பசியோடு இருக்கிறாள். புள்ளைக்கு என்ன ஈமான், என்ன இறைப்பற்று என்று நானும் ஷார்ஜாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். எங்கள் மார்க்கத்தில் குறை எதுவும் இல்லை ஐயா. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, உடம்பு தேறிய பிறகு வைத்தால் போதும். ஆனால் ரத்தமே பார்க்காத பிள்ளையை நோயாளி என்று யார் சொல்வது? அவளிடம் நான் எதைக் காட்டி "வைக்காதே" என்பது?

7. இந்த ஆண்டு வளரிளம் பெண்களுக்கு ரத்தம் பார்க்கும் முகாம் வண்டி நகரத்துப் பள்ளிகளுக்குப் போனது. ஆற்றங்கரைக் கிராமங்களுக்கும் போனது. எங்கள் ஊருக்கு மட்டும் வரவில்லை. பள்ளியிலிருந்து கேட்டும் பதில் இல்லாததால் முகாம் நடத்தும் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. யார் வேலைக்கும் உலை வைக்க நான் வரவில்லை. எடுத்தவர், "காயல்பட்டினமா? வீட்டுக்கு வீடு துபாய்ப் பணம் வருதேம்மா, உங்க புள்ளைகளுக்கு என்னம்மா சத்துக்குறைவு?" என்று சிரித்தார். வசதியான ஊர் என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லையாம். சரி, சந்தனச்செல்வி வசதியான பிள்ளை இல்லையே என்றேன். "அவுக ஊருக்கு வண்டி போச்சேம்மா, அந்தப் புள்ளதான் அன்னைக்கு ஊர்ல இல்ல" என்றார். பகலில் அவள் எப்படி ஊரில் இருப்பாள்? எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருப்பாள்! அவள் ஊருக்கு வண்டி போனபோது அவள் இங்கே இருந்தாள். இங்கே வண்டியே வரவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை விழுந்தாள். துபாய்ப் பணம் எங்கள் பிள்ளைகளின் நரம்பில் ஓடுவதில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. வசதி இருக்கிறதே, தனியாரிடம் ரத்தம் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தின் வாசல்வரை யுஸ்ராவைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே எங்கள் சந்துப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் மணமுடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். பெண் வீட்டைப் பற்றி ஊர் விசாரிக்காத விஷயம் இருக்காது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இப்போது கல்யாணப் பேச்சே கிடையாது, படிக்க வைப்போம். ஆனால் பேச்சு வரும் காலத்திலும் ஊர் இதை மறந்திருக்காது. என் நாத்தனார் நஜ்லா தலையில் அடித்துக்கொண்டார்: "ஏளா நஃபீசா, கொமரப் புள்ளைக்கு ரத்தத்துல கொறன்னு ஒரு வாயி சொன்னாப் போதும், ஊரு பூராப் பேசிரும். நாளைக்கு எவ கேட்டு வருவா? பேரீச்சம்பழத்தக் குடுத்து வீட்டுல வச்சுப் பாரு." கொடுத்தேன். அதையும் அவள் பாதி தின்று பாதியை ஒளித்து வைத்தாள்.

பிறகு யாருக்கும் தெரியாமல் தூத்துக்குடியில் பார்த்துவிடலாம் என்று யுஸ்ராவோடு பஸ் ஏறினேன். ஏறியதும் முன் ஸீட்டில் அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் தம் மகளோடு உட்கார்ந்திருந்தார். "எங்க லாத்தா போறிய?" என்றார். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். வாயில் வந்தது, "ஜவுளிக்கடைக்கு" என்றேன். "நாங்களும் அங்கதான்" என்றார். அப்புறம் எப்படி வேறு பக்கம் திரும்புவது? நாலு பேரும் ஜவுளிக்கடைக்கே போனோம். தேவையில்லாத சுடிதாரை நான் எடுத்தேன், தேவையில்லாத போர்வையை அவர் எடுத்தார். அங்கே மாடிக்கு ஏறும்போது இரண்டு பிள்ளைகளும் பாதிப் படியில் ஒரே சமயத்தில் உட்கார்ந்தன. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ரத்தம் பார்க்காமலே திரும்பிவிட்டோம்.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "நானும் ரத்தம் பாக்கத்தான் கெளம்புனேன் லாத்தா. உங்களப் பாத்ததும் பயந்துட்டேன்" என்று அழுதார். இவருக்குப் பயந்து நானும், எனக்குப் பயந்து இவரும் ஊர்விட்டு ஊர் போய்த் துணி எடுத்திருக்கிறோம். அவர் பெயரை எழுத அவர் அனுமதிக்கவில்லை.

9. ஆகவேதான் அரசு முகாமைக் கேட்கிறோம் ஐயா. சோதனை இலவசம் என்பதற்காக அல்ல. எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கை நீட்டினால் எந்தப் பிள்ளையையும் யாரும் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. ஒளிக்க வேண்டிய அவசியமும் இருக்காது. எங்களுக்குள் பேசியபோது தாய்மார்கள் பலர் சரி என்றார்கள். இந்த மனுவைப் பொது மனுவாகவே எழுதி, கையெழுத்துக்கு வீடு வீடாக அனுப்பினேன். ஒரு வீட்டில் மாமியார் கூடாது என்றார், இன்னொரு வீட்டில் கணவரைக் கேட்க வேண்டும் என்றார்கள், மற்றொரு வீட்டில் "நீங்க மொதல்ல போடுங்க லாத்தா" என்றார்கள். தாள் வெறுமையாகவே திரும்பி வந்தது. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயரில்லாமல் அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தேன். பெயரில்லாத மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள்.

அப்போது யுஸ்ராதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உம்மா, உங்க பேரப் போடுங்க, என் பேரையும் போடுங்க. நான் ஸ்கூல்ல விழுந்தா எப்படியும் ஊருக்குத் தெரியத்தானே போகுது" என்றாள். ஐயா, பெற்ற பிள்ளை வாயிலிருந்து கேட்கக்கூடிய வார்த்தை அல்ல அது. ஊர்ப் பேச்சுக்கு அதுவரை நான் பட்ட பயமெல்லாம் அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உடனே பொது மனுவைக் கிழித்துவிட்டு இதை என் பெயரில் எழுதத் தொடங்கினேன்.

10. எனவே தாங்கள் கருணை கூர்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

(அ) எங்கள் பள்ளியின் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவியர் அனைவருக்கும், வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளையும் சேர்த்து, ஒருவர் விடாமல் ஒரே நாளில் ரத்தம் பார்க்க வேண்டும். திங்களும் வியாழனும் வேண்டாம். ரத்தம் கொடுத்த பிள்ளைக்கு உடனே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும்.

(ஆ) முடிவை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்காமல் ஒவ்வொரு தாயிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒரு பெண் டாக்டர் சொன்னால் பிள்ளைகள் உதிரப்போக்கைப் பற்றி வாய் திறப்பார்கள். ஆண் டாக்டர் என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

(இ) மாத்திரை தரும் நாளை எங்கள் பள்ளிக்கு மட்டுமாவது மாற்றித் தர வேண்டும். மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

(ஈ) பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் மதியச் சோறும் முட்டையும் வேண்டும். இது தங்கள் ஒருவர் கையில் இல்லை என்பது தெரியும். மேலே எழுதுங்கள். எழுதும்போது தங்கத்தாயின் மகளைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவள் படிப்பை விட்டுவிடக் கூடாது.

11. வரும் வாரம் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கான பயிற்சி தொடங்குகிறது. பிள்ளைகளை வெயிலில் ஓட விடுவார்கள். யுஸ்ராவை நான் நிறுத்திவிடுவேன். பச்சரிசியை யூனிபார்ம் பைக்குள் மறைத்து வைத்திருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் நிறுத்துவது? அவர்களின் தாய்மார்களுக்கே தெரியாதே. முகாமுக்கு நாள் குறிக்கத் தாமதமாகும் என்றால், இந்தப் பயிற்சியை மட்டுமாவது தள்ளிவைக்க ஒரு வார்த்தை சொல்லும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு பிள்ளை விழுந்த பிறகு வண்டி வந்து பயனில்லை.

12. இன்று குறைதீர்க்கும் நாள். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் இதே வரிசையில் வந்திருப்பார்கள், எங்களைப் பார்ப்பார்கள், மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். மனுவைக் கொடுத்துவிட்டு இங்கிருந்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். இந்த மனுவைத் தங்கள் கையில் தருபவள் யுஸ்ராதான். இது தன் மனு, தானே தருவேன் என்று அடம்பிடித்து வந்திருக்கிறாள். வரிசையில் நிற்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் தங்கள் முன் வந்திருப்பாள். தாளை வாங்கும்போது, ஐயா, படிப்பதற்கு முன் அவள் விரல் நகங்களை ஒரு தடவை பார்க்கவும்.

அஞ்சியும் நம்பியும் கையெழுத்திடுபவள்,

(ஒப்பம்)
அ. நஃபீசா,
பிளஸ் ஒன் மாணவி யுஸ்ராவின் தாய்.

இடம்: காயல்பட்டினம்
நாள்: 18.08.2025